மூன்றாவது முறையும் நுழைவுத் தேர்வா?

கவலைப்படாதீர்கள் அம்மா என்று ஆறுதல் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தை மறுபடி படித்ததும் எண்ணம் மாறிவிட்டது. மருத்துவ நுழைவுத் தேர்வை உங்கள் மகள் இரண்டு முறை எழுதிவிட்டாள். மூன்றாவது முறையும் எழுதச் சொல்வது பெரியப்பா, பணம் கட்டப்போவது நீங்கள், ஒரு வருடத்தைத் தொலைக்கப்போவது அவள். வேண்டாம்.

பள்ளி ப்ராஜெக்டுக்காக எடுத்த ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியை அவள் இன்னும் விடவில்லை, நோட்டு நோட்டாக எழுதுகிறாள் என்று குறைபோலச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான வரி. ஏரிகளையும் நீர்நிலைகளையும் காக்கும் துறைக்கு அவள் போகலாம்.

அந்த ஏரி சுமார் 68,800 சதுர கிலோமீட்டர். தான்சானியா, உகாண்டா, கென்யா மூன்றுக்கும் பங்கு. 1950களில் மற்ற மீன்களைத் தின்னும் நைல் பெர்ச் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். ஏற்றுமதி பெருகியது, மீன் ஆலைகள் வந்தன. ஏரிக்கே உரிய சிக்லிட் மீன்களில் நூற்றுக்கணக்கான இனங்கள் காணாமல் போயின. பெர்ச் கொழுப்பு மிகுந்த மீன், வெயிலில் எளிதில் காயாது. புகையூட்ட விறகு வேண்டும், அதற்காகக் கரையோர மரங்கள் விழுந்தன. 1990களில் ஆகாயத்தாமரை படகுத்துறைகளை அடைத்தபோது அதைத் தின்னும் கூன்வண்டுகளை விட்டார்கள், செடி வெகுவாகக் குறைந்தது. ஆனால் வயல்களும் நகரங்களும் ஏரிக்குள் அனுப்பும் கழிவு அதற்கு உரம். அது நிற்காதவரை செடி திரும்பி வரும்.

ஒரு நாடு மட்டும் வலையைச் சுருட்டினால் அடுத்த நாட்டுப் படகு அதே மீனைப் பிடித்துப் போகும். அதனால்தான் மூன்று நாடுகளின் 1994 ஒப்பந்தத்தின்படி உகாண்டாவின் ஜின்ஜாவில் ஒரு மீன்வள அமைப்பும், பின்னால் வந்த வேறொரு ஒப்பந்தத்தின்படி கென்யாவின் கிசுமுவில் ஏரிப் படுகை ஆணையமும் இயங்குகின்றன. இப்படிப்பட்ட இடங்களுக்கு நீரின் வேதியியல் தெரிந்தவரும் வேண்டும், மீன் இருப்பைக் கணக்கிடுபவரும் வேண்டும், தடை போட்டால் எத்தனை குடும்பத்தின் வருமானம் போகும் என்று சொல்லத் தெரிந்தவரும் வேண்டும். மரம் நடுகிற வேலை என்று பெரியப்பா நினைத்தால் நினைக்கட்டும்.

விலங்கியல், வேதியியல், புவியியல், பொருளியல், எதில் பட்டம் வாங்கினாலும் இந்தப் பக்கம் வரலாம். கூடவே புள்ளியியலும், கணினியில் வரைபடத் தகவல்களை ஆராயும் ஜிஐஎஸ்ஸும் கட்டாயம். அப்புறம் நீர்நிலை மேலாண்மையில் முதுகலை. வியன்னாவின் போக்கு (BOKU) பல்கலைக்கழகம், நெதர்லாந்தின் டெல்ஃப்டில் உள்ள ஐஎச்இ (IHE) நீர்க் கல்வி நிறுவனம், கென்யாவின் எகர்டன் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஏரியியலுக்கும் சதுப்புநிலத்துக்கும் ஒரு முதுகலைப் படிப்பை உருவாக்கின. உதவித்தொகை கிடைத்தால் வெளிநாடு போகட்டும். வீட்டை அடமானம் வைத்து அனுப்புவதாக இருந்தால் நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆரம்ப வருடங்களில் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். டாக்டர் சம்பளத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் வீட்டில் நிம்மதி இருக்காது. இதை அவளிடமும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை என்னைப் பார்க்கப் பெரியப்பா வர வேண்டாம். அவள் மட்டும் வரட்டும், அந்த நோட்டுகளோடு.