நடுத்தர நகரத்தின் மையப் பகுதியில் குடியேறலாமா? பாதுகாப்பாக இருக்குமா?

குற்ற விகிதத்தை மட்டும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நகர மையத்தில் குடியிருப்பவர்கள் குறைவு. வேலைக்கும் கடைக்கும் வந்துபோகிறவர்கள்தான் அதிகம். நடக்கும் குற்றங்களைக் குடியிருப்போர் எண்ணிக்கையால் வகுத்தால் விகிதம் எகிறத்தான் செய்யும். வண்டித் திருட்டு எவ்வளவு, வழிப்பறி எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

அப்புறம், வார நாளில் இரவு 10 மணிக்கு அந்தத் தெருவில் ஒரு நடை போய் வாருங்கள், கூட ஒரு ஆளோடு. ஷட்டர் இறக்கிய கடைகளுக்கு மேலே மாடிகளில் விளக்கு எரிகிறதா? ஜன்னலில் ஆள் தெரிந்தால் நல்லது. முழுக்க அலுவலகக் கட்டடங்கள் என்றால் மாலைக்கு மேல் ஈ காக்கா இருக்காது. நானாக இருந்தால் தவிர்த்துவிடுவேன்.

மளிகை, மருந்துக் கடை நடக்கிற தூரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் பார் இருந்தால் வார இறுதித் தூக்கம் போச்சு. தெருவைப் பார்க்காத படுக்கையறையாகக் கேளுங்கள்.