பேராசிரியருடன் இரண்டு வாரம்: படிப்பா, சுற்றுலாவா?

கேள்வி: நான் சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு மாணவி. எங்கள் நீர்வளப் பேராசிரியர் அடுத்த விடுமுறையில் 20 மாணவர்களை இரண்டு வாரம் நெதர்லாந்துக்கு அழைத்துப் போகிறார். வெள்ளத் தடுப்பு பற்றிய பாடம், மூன்று கிரெடிட். எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் அம்மா, "பஸ்ஸில் போய் போட்டோ எடுத்துக்கொண்டு வருவதற்குப் பெயர் படிப்பா? போவதென்றால் ஒரு செமஸ்டர் வெளிநாட்டுக் கல்லூரியில் தங்கிப் படிக்கும் எக்ஸ்சேஞ்சில் போ" என்கிறார். இதுவரை வீட்டை விட்டு எங்கேயும் தங்கியதில்லை. சேர்த்து வைத்த பணம் பெரும்பாலும் கரைந்துவிடும். போகலாமா, விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பாடம் என்று பெயர் வைத்து நடத்தப்படும் சுற்றுலாக்கள் இருக்கத்தான் செய்கின்றன. பணம் கட்டிய பிறகுதான் பலருக்கு அது தெரியவருகிறது. ஆனால் உங்கள் பயணம் எந்த வகை என்பதை நாட்களை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. பேராசிரியரிடம் போய் நாள்வாரியான பயணத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். துண்டறிக்கை வேண்டாம், எந்த நாள் எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் என்று போட்ட உண்மையான பட்டியல் வேண்டும். கையில் கிடைத்ததும் ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் இரண்டு விஷயங்களை எழுதிப் பாருங்கள்: அங்கே நம்மிடம் பேசப்போவது யார், அங்கே மாணவர்கள் செய்யப்போவது என்ன. முக்கால்வாசி வரிகளில் இரண்டுமே காலியாக இருந்தால் அது சுற்றுலா.

உங்கள் விஷயத்திலேயே சொல்கிறேன். ராட்டர்டாம் துறைமுகத்துக்குப் போகும் நீர்வழியில் மேஸ்லான்ட் புயல் அலைத் தடுப்பு இருக்கிறது, 1997ல் திறக்கப்பட்டது. இரண்டு பக்கமும் 210 மீட்டர் நீளமுள்ள வளைந்த கதவுகள், ராட்டர்டாமில் நீர்மட்டம் அந்த நாட்டின் நிலையான அளவுகோலுக்கு (ஏறக்குறைய சராசரிக் கடல்மட்டம்) 3 மீட்டர் மேலே போகும் என்று கணிப்பு வந்தால் கம்ப்யூட்டரே முடிவெடுத்து மூடும். இந்தத் தகவல் எல்லாம் வகுப்பறையிலேயே கிடைத்துவிடும். அதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. பட்டியலில் "மேஸ்லான்ட், ஒரு மணி நேரம்" என்று மட்டும் இருந்தால், கதவைப் பார்ப்பீர்கள், போட்டோ எடுப்பீர்கள், அம்மா சொன்னது அப்படியே நடக்கும். அதைப் பராமரிக்கும் இன்ஜினீயர் ஒருவருடன் உட்கார்ந்து, கப்பல் போக்குவரத்தை நிறுத்தும் முடிவை ஏன் மனிதரிடம் விடாமல் இயந்திரத்திடம் கொடுத்தார்கள், அது தவறினால் என்ன ஏற்பாடு என்று கேட்க நேரம் இருந்தால், அது பாடம்.

இதைவிட நல்ல சோதனை, தென்மேற்கு நெதர்லாந்தில் உள்ள ஊஸ்டர்ஸ்கெல்டா என்ற கழிமுகம். 1953 பிப்ரவரி முதல் தேதி இரவோடு இரவாகக் கடல் உள்ளே வந்து நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். அதன் பிறகு தென்மேற்குக் கழிமுகங்களை ஒவ்வொன்றாக அடைப்பது என்று முடிவானது. ஊஸ்டர்ஸ்கெல்டாவையும் முழுசாக அடைக்கத்தான் முதல் திட்டம். சிப்பி வளர்ப்பவர்களும் மீனவர்களும் சூழலியல்காரர்களும் எதிர்த்தார்கள், எழுபதுகளில் அரசு திட்டத்தையே மாற்றியது, கடைசியில் 62 எஃகு மதகுகள் கொண்ட தடுப்பு 1986ல் வந்தது. வழக்கமான நாட்களில் திறந்தே இருக்கும், புயல் வந்தால் மட்டும் இறங்கும். இத்தோடு முடிந்திருந்தால் அழகான வெற்றிக் கதை. ஆனால் தடுப்பு வந்த பிறகு உள்ளே நீரோட்டத்தின் வேகம் குறைந்துவிட்டது, கடல் வற்றும்போது வெளியே தெரியும் மணல்திட்டுகள் கரைந்துகொண்டே வருகின்றன, இப்போது வேறு இடத்திலிருந்து மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஒரு தீர்வு முப்பது நாற்பது வருடம் கழித்து என்ன பிரச்சினையைப் பெற்றெடுக்கிறது என்பதை, கடல் வற்றிய நேரத்தில் அந்தத் திட்டுகளின் பக்கத்தில் நின்று, சிப்பித் தொழில் செய்பவர் ஒருவரும் நீரியல் நிபுணர் ஒருவரும் சொல்லக் கேட்பது இருக்கிறதே, அதற்கு மாற்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. உங்கள் பேராசிரியரின் பட்டியலில் இப்படி ஒரு நாள் இருந்தால்கூட எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

பட்டியலில் நைமேகன் நகரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே வால் ஆற்றுக்கு இடம் கொடுப்பதற்காகக் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். ஏறக்குறைய 50 வீடுகளை இடிக்க வேண்டியிருந்தது. கரையை நகர்த்தும் கணக்கு உங்களுக்கு வகுப்பில் வந்துவிடும். வீட்டைக் கொடுத்தவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தார்கள், எவ்வளவு காலம் பிடித்தது, யாருக்கு இன்னும் கசப்பு இருக்கிறது என்பதைச் சொல்ல ஆள் வேண்டும். நெதர்லாந்தில் நீர் நிர்வாகத்துக்கென்றே தனித் தேர்தலும் தனி வரியும் உள்ள 21 வாரியங்கள் உண்டு, அவற்றில் ஒன்றிலிருந்து யாராவது பேசுகிறார்களா என்று கேளுங்கள். இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு இந்தப் பக்கம்தான் பெரும்பாலும் வகுப்பில் கிடைப்பதே இல்லை.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு நாள் சும்மா சுற்ற விட்டிருந்தால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வாரம் ஓய்வே இல்லாமல் ஓட வைத்தால் ஏழாவது நாள் எல்லோரும் பஸ்ஸில் தூங்குவார்கள்.

அடுத்தது கிரெடிட் கணக்கு. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. உங்கள் கல்லூரிக் கணக்கு வேறாக இருந்தாலும், மூன்று கிரெடிட் என்றால் சுமாராக எவ்வளவு வேலை என்று ஒரு அளவுக்காகப் பாருங்கள், 75லிருந்து 90 மணி நேரம் வருகிறது. போகவர ஆகும் நாட்களையும் ஊர் விட்டு ஊர் போகும் நேரத்தையும் கழித்தால் இரண்டு வாரத்தில் இவ்வளவு உழைப்பு அடங்காது. ஆக, கிளம்புவதற்கு முன் வகுப்புகள் இருக்க வேண்டும், திரும்பிய பின் எழுத வேண்டியதும் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்திலேயே 5 முதல் 30 நாள் வரையிலான குறும்பயணங்கள் உண்டு. குறைந்தது மூன்று கிரெடிட் தருகிறார்கள், கூடவே ஆன்லைன் வகுப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். காலம் குறைவு என்பதாலேயே பயணம் மட்டம் ஆகிவிடாது, முன்னும் பின்னும் ஒன்றுமில்லாமல் வெறும் பயணமாக இருந்தால்தான் மட்டம். பேராசிரியரிடம் நேராகவே கேளுங்கள்: முன்வகுப்புகள் எந்தத் தேதிகளில், மதிப்பெண் எதற்கு, கடைசியில் நாங்கள் கொடுக்க வேண்டியது என்ன. தெளிவான பதில் இல்லை என்றால் எனக்குச் சந்தேகம்தான். அப்புறம், இந்தக் கிரெடிட் உங்கள் பட்டத்துக்கான கணக்கில் சேருமா, இல்லை மதிப்பெண் சான்றிதழில் உபரியாக மட்டும் நிற்குமா என்பதைத் துறை அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இப்போது எக்ஸ்சேஞ்சுக்கு வருகிறேன். நீண்ட காலம் போனால் தானாகவே அதிகம் கற்றுக்கொள்வோம் என்ற அம்மாவின் எண்ணம் பலருக்கும் இருப்பதுதான். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் பெயரில் 2009ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு வெளிநாட்டில் படித்த அமெரிக்க மாணவர்களைப் பார்த்தது. உள்ளூர் மக்களுக்கு நடுவில் கொண்டுபோய் விட்டுவிட்டால் மட்டும் பிற பண்பாட்டைப் பற்றிய புரிதல் வந்துவிடுவதில்லை, பக்கத்தில் இருந்து கேள்வி கேட்டு யோசிக்க வைக்கும் வழிகாட்டி இருக்கும்போதுதான் அது நன்றாக வளர்கிறது என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று. எக்ஸ்சேஞ்சில் பெரும்பாலும் அப்படி ஒருவர் இருக்க மாட்டார். உங்கள் பயணத்தில் இரண்டு வாரமும் பேராசிரியர் கூடவே இருக்கிறார். அவர் நல்ல ஆசிரியராக இருந்தால் இது சாதாரண வாய்ப்பு இல்லை. பஸ்ஸிலும் சாப்பாட்டு மேசையிலும்கூடப் பாடம் நடக்கும். அவரோடு ஏற்கனவே போய் வந்த சீனியர்கள் இரண்டு மூன்று பேரைப் பிடித்து, மாலை நேரங்களில் அவர் என்ன செய்வார் என்று விசாரியுங்கள். அன்றைக்குப் பார்த்ததைப் பற்றி உட்கார்ந்து பேசுவாரா, இல்லை ஹோட்டலில் இறக்கிவிட்டுப் போய்விடுவாரா? உங்கள் முடிவில் பாதி இந்தப் பதிலில் இருக்கிறது.

அதே சமயம் அம்மா பக்கமும் நியாயம் இருக்கிறது. கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1960ல் கலாச்சார அதிர்ச்சி பற்றி எழுதியபோது, புது நாட்டுக்குப் போனவர்களுக்கு முதல் கட்டம் தேனிலவு மாதிரி இருக்கும், எல்லாமே பிடிக்கும், அது சில நாளோ சில வாரமோ அதற்கு மேலோகூட நீடிக்கும், எரிச்சலும் தவிப்பும் பிறகுதான் வரும் என்றார். இரண்டு வாரப் பயணம் பெரும்பாலும் அந்த முதல் கட்டத்திலேயே முடிந்துவிடும். வீடு தேடுவது, வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டுவது, யாருமே பேசாத ஞாயிற்றுக்கிழமை, புரியாத மொழியில் வந்த கடிதம் இதெல்லாம் எக்ஸ்சேஞ்சில்தான் கிடைக்கும், அதில் வரும் வளர்ச்சியும் அங்கேதான். எனவே திரும்பி வந்து நெதர்லாந்தைப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. ஒரு தடுப்பையும் அதைச் சுற்றியுள்ள மனிதர்களையும் புரிந்துகொண்டேன் என்று சொல்லலாம், மூன்றாம் ஆண்டு மாணவிக்கு அது பெரிய விஷயம்.

வீட்டை விட்டுத் தங்கியதில்லை என்று தயங்குகிறீர்கள். முதல் முறைக்கு இப்படிக் குழுவாகப் போவதே நல்லது. ஆனால் ஒரு ஆபத்து: வகுப்புத் தோழிகளோடு போனால் இரண்டு வாரமும் வகுப்புக் கதையே பேசிக்கொண்டு திரும்பிவிடலாம். அறைத்தோழியாக நெருங்கியவர் அல்லாத ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வியாவது நீங்களே வாய்திறந்து கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு விஷயத்தில் கூச்சப்படாமல் கேட்க வேண்டியது: 20 பேருக்குப் பேராசிரியர் ஒருவர் மட்டும்தானா, இன்னொரு பொறுப்பாளர் வருகிறாரா, மாணவிகள் தனியாகப் பேசக்கூடிய பெண் ஒருவர் குழுவில் இருக்கிறாரா, பேராசிரியருக்கே உடம்பு சரியில்லாமல் போனால் யார் நடத்துவார், ராத்திரி இரண்டு மணிக்கு எந்த எண்ணுக்கு அழைப்பது. இதற்கெல்லாம் ஏற்கனவே யோசித்து வைத்திருப்பவர்தான் மாணவர்களை அழைத்துப் போகத் தகுதியானவர்.

பணத்தைப் பற்றி என் கருத்து கறாரானது. சேமிப்பைச் செலவழிக்கலாம், கடன் வாங்க வேண்டாம். கட்டணத்தில் எது சேர்ந்திருக்கிறது, எது இல்லை, எந்தத் தேதிக்குப் பிறகு விலகினால் பணம் திரும்பாது, ஆள் சேராமல் பயணமே ரத்தானால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். யாருமே விண்ணப்பிக்காமல் உதவித்தொகை வீணாகும் கல்லூரிகள் உண்டு, உங்கள் கல்லூரி அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

பட்டியலில் பேச ஆட்கள் இருக்கிறார்கள், முன்வகுப்புகளுக்குத் தேதி போட்டிருக்கிறது, சீனியர்கள் நல்லபடியாகச் சொல்கிறார்கள் என்றால் போங்கள், பட்டியலையே அம்மாவிடம் காட்டிப் பேசுங்கள். இதில் இரண்டு இல்லை என்றால் இந்தப் பயணத்தை விட்டுவிட்டு அந்தப் பணத்தை எக்ஸ்சேஞ்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் தயக்கமே இல்லை.

உங்களுக்கு ஷெங்கன் விசா தேவைப்படுமானால் இதையும் கவனியுங்கள்: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும், மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், பாஸ்போர்ட் நீங்கள் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். விடுமுறைக் காலத்தில் விசா விண்ணப்பத்தைக் கொடுக்க முன்பதிவு நேரம் கிடைப்பது கஷ்டம், அதனால் பேராசிரியரிடம் பட்டியல் கேட்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.