சமையலுக்கு மூலிகையும் பூவும்: வீட்டைச் சுற்றி எதை எங்கே வைக்கலாம்?

தாம்பரத்திலிருந்து: அக்கா, காம்பவுண்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நான்கடி இடம்தான் இருக்கிறது. கிழக்குப் பக்கம் காலை வெயில் மட்டும் படும். மூலிகை வளர்க்க முடியுமா?

தாராளமாக முடியும். செடி வாங்கும் முன் வெயில் எங்கே விழுகிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குழாயடி ஓரம் எப்போதும் ஈரமாக இருந்தால் அது வல்லாரைக்கு. அரை நிழலே அதற்குப் போதும். ஆனால் துணி துவைத்த சோப்புத் தண்ணீர் ஓடும் இடம் வேண்டாம், பச்சையாகத் துவையல் அரைக்கிற கீரை அது. காலை வெயில் பக்கம் புதினாவும் கற்பூரவல்லியும் வரும். புதினாவைத் தொட்டியிலேயே வையுங்கள், தரையில் விட்டால் பக்கத்துச் செடியை மூடிவிடும். கற்பூரவல்லிக்கு மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும், அதிகமானால் தண்டு அழுகும். முடக்கத்தானை ஜன்னல் கம்பியில் ஏற்றலாம். தூதுவளைக்கு முள் உண்டு, நடக்கிற பக்கம் வேண்டாம்.

கோவையிலிருந்து: கறிவேப்பிலை இரண்டு வருடமாக ஒற்றைக் குச்சியாகவே நிற்கிறது. வாரா வாரம் மோர் ஊற்றுகிறேன்.

மோரால் கெடுதல் இல்லை, பத்து மடங்கு தண்ணீர் கலந்து மாதம் இரண்டு முறை ஊற்றினால் போதும். உங்கள் செடிக்கு வேண்டியது கத்தரிக்கோல். தாளிக்க நான்கு இலை வேண்டும் என்று கீழிருந்து உருவிக்கொண்டே இருந்தால் மேலே மட்டும் கொண்டை வைத்த குச்சிதான் மிஞ்சும். இடுப்பு உயரத்தில் நுனியை வெட்டிவிடுங்கள். வெட்டுக்குக் கீழே உள்ள கணுக்களில் இரண்டு மூன்று துளிர் வெடிக்கும். அவை ஒரு முழம் வளர்ந்ததும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். இலையை எப்போதும் ஈர்க்கோடு ஒடியுங்கள். வெயில் ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். மார்கழியில் வளர்ச்சி நின்றுபோனால் கவலைப்படாதீர்கள், குளிர் விட்டதும் துளிர்க்கும்.

இலை மேல் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். நெளிந்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னச் செடி என்றால் இரண்டே நாளில் மொட்டையாக்கிவிடும். கையால் எடுத்துப் போட்டால் போதும், மருந்து வேண்டாம்.

மதுரையிலிருந்து: பூசணிப் பூவைப் பறித்துப் பஜ்ஜி போட்டால் காய் பிடிக்காது என்கிறார் மாமியார். உண்மையா?

பாதி உண்மை. பூவுக்கு அடியில் குட்டிக் காய் போல உருண்டையாக இருந்தால் அது பெண் பூ, அதைத் தொடாதீர்கள். நீளக் காம்பில் வெறுமனே நிற்பது ஆண் பூ. கொடிக்கு நாலைந்தை மகரந்தத்துக்கு விட்டுவிட்டு மற்றதைக் காலையிலேயே பறிக்கலாம். உள்ளே எறும்பு இருக்கும், உதறிவிட்டுக் கழுவுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. சங்குப்பூ டீ போடுவதைப் பார்த்து எல்லாப் பூவையும் வாயில் வைக்கிறாள். எவை ஆகாது?

முதலில் அரளி, மஞ்சள் அரளி. இலை, பூ, விதை எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் விஷம். கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது. அடுத்தது ஊமத்தை. பிறகு நம் மாநில மலரான செங்காந்தள். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுகிறார்கள், மருந்துக் கம்பெனிகள் வாங்கும். அதிலுள்ள கோல்ச்சிசின் என்ற நச்சு உயிரையே எடுக்கும், கிழங்கு பார்க்க உண்ணும் கிழங்கு போலவே இருக்கும். குழந்தை வளரும் வரை இந்த மூன்றும் உங்கள் வீட்டில் வேண்டாம். ஏதாவது விழுங்கிவிட்டால் கை வைத்தியம் பார்க்காமல், அந்தச் செடியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சங்குப்பூவிலும் இதழ் மட்டும்தான் டீக்கு. விதை பேதியாக்கும்.

திருச்சியிலிருந்து: நர்சரியில் பூத்தபடி வாங்கிய பன்னீர் ரோஜாவில் குல்கந்து போடலாமா?

அந்தப் பூவில் வேண்டாம். விற்பனைக்கு நிற்கும் ரோஜாவுக்கு மருந்து அடித்திருப்பார்கள். இருக்கிற பூவையும் மொட்டையும் கிள்ளி எறிந்து, கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, தொழு உரம் வைத்து இரண்டு மூன்று மாதம் விடுங்கள். புதுக் கிளையில் வரும் பூவை எடுக்கலாம். கடையில் முழம் போட்டு விற்கும் பூவும் சமையலுக்கு ஆகாது.

சேலத்திலிருந்து: செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. சாப்பிடும் பூவாயிற்றே, என்ன அடிப்பது?

முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடுங்கள், பாதி போய்விடும். நுனி சுருண்டிருந்தால் வெட்டி எரியுங்கள். மிச்சத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். தண்டில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், அதுதான் பூச்சியைக் காவல் காத்துப் பரப்பும். ஒரு வாரம் பூப்பறிக்க வேண்டாம். அப்புறம் பறிக்கிற ஐந்து இதழ்ப் பூவில் நடுத்தண்டையும் பச்சைப் புல்லியையும் நீக்கிவிட்டு இதழை மட்டும் போடுங்கள்.