ஸ்டெயின்லெஸ் போல்ட் கேட்பவர்கள் முதலில் சூட்டைச் சொல்லுங்கள்

தடா, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி பக்கத்து மெயின்டெனன்ஸ் ஆட்கள் கேட்டவை. எனக்குத் தெரிந்தவரை பதில்.

தடா தம்பி: 350 டிகிரி ஸ்டீம் லைன், கார்பன் ஸ்டீல் ஃபிளாஞ்ச் (குழாய்களைச் சேர்த்து இறுக்கும் வளையத் தட்டு). பி7 (அலாய் ஸ்டீல்) ஸ்டட், அதான் தலையில்லாத போல்ட், துருப்பிடிக்குது அண்ணே, பி8 (304 ஸ்டெயின்லெஸ்) மாத்திடலாமா?

வேண்டாம். பி8 முதல் வகுப்போட யீல்டு, அதாவது நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு, 205 மெகாபாஸ்கல்தான், பி7-க்கு 720. போதாததுக்கு, ஒரு டிகிரி சூடு ஏறினால் கார்பன் ஸ்டீல் மீட்டருக்கு 12 மைக்ரான் நீளும், 304 ஏறக்குறைய 17, அதனால் லைன் சூடாக ஆக ஸ்டட்டின் பிடி தளரும். நானே ஒரு ஷட்டவுனில் பி8 போட்டு, பழக்க தோஷத்தில் பி7-க்கான டார்க்கையே (இறுக்கும் முறுக்கு விசை) கொடுத்து இறுக்கினேன். ராத்திரி ஸ்டீம் விட்டதும் உஸ்ஸென்று சத்தம். ஆறவிட்டுக் கழற்றிப் பார்த்தால் புது நட் பாதி ஸ்டட் வரைதான் ஓடுது, அதுக்கு மேல் இழையே இழுபட்டுப் போயிருக்கு! துருதான் கவலையென்றால் பி7-லேயே கோட்டிங் போட்டது வாங்கு.

ஆரம்பாக்கம் சார்: திரவ நைட்ரஜன் லைனுக்கு மிச்சமிருக்கிற பி7?

தொடவே தொடாதீங்க சார். அந்தக் குளிரில் நொறுங்கும். குளிருக்கென்றே செய்த அலாய் ஸ்டீல் எல்7-ஐக்கூட மைனஸ் 101 டிகிரியில்தான் அடித்துச் சோதிக்கிறார்கள், உங்களுடையது மைனஸ் 196. ஏ320 (குளிர் வேலை போல்ட்டுக்கான ஏஎஸ்டிஎம் ஸ்பெசிபிகேஷன்) பி8 கேளுங்கள். 304 அந்தக் குளிரிலும் நொறுங்காமல் வளைந்துகொடுக்கும்.

ஸ்டோர் அக்கா: சிலதில் பி8-க்குக் கீழே கோடு இருக்கே, அச்சுப் பிழையா?

இல்லக்கா, அது இரண்டாம் வகுப்பு. குளிர்நிலையில் இழுத்து உரமேற்றியது, முக்கால் இன்ச் வரை யீல்டு 690. தடிமன் கூடக்கூட அது குறையும். ரொம்பச் சூடான இடத்தில் ஏற்றிய உரம் இறங்கிவிடும். இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டாதீங்க.

ஏ2-70-ம் (ஐஎஸ்ஓ ஸ்டெயின்லெஸ் போல்ட் கிரேடு) பி8-ம் ஒண்ணுதான்னு கடைக்காரர் சொல்றார்.

உலோகம் ஏறக்குறைய ஒன்று, ஸ்பெசிபிகேஷன் வேறு. ஃபிளாஞ்சுக்கென்றால் ஏ193 (பி7, பி8 வரும் ஏஎஸ்டிஎம் ஸ்பெசிபிகேஷன்) என்று எழுதிய டெஸ்ட் சர்டிபிகேட் கேள்.

600 டிகிரியில், ஸ்டெயின்லெஸ் ஃபிளாஞ்சுக்கு?

ஏ453 கிரேடு 660 (அதிகச் சூட்டுக்கான அலாய் போல்ட்) பாருங்கள். 304 போலவே விரியும், வலிமையும் உண்டு. விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

ஸ்டெயின்லெஸ் நட் பாதியில் கடித்துக்கொண்டது அண்ணே.

இம்பாக்ட் கன் வைத்தாயா? வெட்டித்தான் எடுக்கணும். அடுத்த தடவை நிக்கல் ஆன்டிசீஸ் (இழை கடிக்காமலிருக்கப் பூசும் பசை) தடவி, கை ஸ்பானரில் மெதுவாக.