மடிப்பு டிரெய்லர்: 12 அடியா, 16 அடியா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். டபுள் கெப் வாகனம் இருக்கிறது. நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மாமி என ஐந்து பேர். ஏப்ரலில் நுவரெலியா, ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போவது வழக்கம். வாகனத்தின் பின்னால் இழுத்துப்போய், நிறுத்திய இடத்தில் விரித்துப் படுக்கும் மடிப்பு டிரெய்லர் ஒன்று வாங்க நினைக்கிறோம். 12 அடியில் ஒன்று பார்த்தோம்: வெறும் எடை 700 கிலோ, சாமானோடு சேர்த்து உச்ச வரம்பு 1,000 கிலோ. 16 அடியில் இன்னொன்று: 1,150 கிலோ, வரம்பு 1,600. இரண்டிலும் ஐந்து பேர் படுக்கலாம் என்கிறார்கள். எது சரி?

பதில்: உங்கள் ஒழுங்கைக்குள் திரும்புமென்றால் 16 அடிதான். படுக்கைக் கணக்கை மறந்துவிடுங்கள், அது விற்பவரின் கணக்கு. உங்களுக்கு வேண்டியது வெறும் எடைக்கும் வரம்புக்கும் இடையிலுள்ள மிச்சம்.

சின்னதில் அந்த மிச்சம் 300 கிலோ. 80 லீற்றர் தண்ணீர் என்றால் 80 கிலோ. ஒரு பெரிய பற்றரி 30. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் நிரம்பியிருந்தால் இரும்போடு சேர்த்து 25 அளவில் வரும். வெளிக் கூடாரம், கதிரை, மேசை 45. ஐந்து பேரின் உடுப்பு 60. சமையல் சாமானும் சாப்பாடும் 50. கூட்டினால் 290. பிள்ளைகளின் சைக்கிளை ஏற்றினால் வரம்பு தாண்டிவிடும். பெரியதிலோ அதே சாமானோடு 160 கிலோ மிச்சம் இருக்கும். எதுவானாலும் தண்ணீரைப் போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புங்கள். காஸுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும்.

உடுப்பை வாகனத்தில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். டிரெய்லரின் மூக்கு எடையும், அதாவது அதன் முன்முனை கொக்கியில் அழுத்தும் எடையும், வாகனத்தின் பின்பக்கம்தான் விழுகிறது. நிரப்பிய எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், 16 அடிக்கு ஏறத்தாழ 145 கிலோ. ஐந்து பேரோடு அதையும் கெப் தாங்க வேண்டும். மூக்கு எடை குறைந்தால் ஓட்டத்தில் டிரெய்லர் ஆடத் தொடங்கும், அது இன்னும் ஆபத்து.

கெப்பின் இழுவைத் திறனை அதன் கைநூலில் பாருங்கள். பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒரு எண், இல்லாததற்கு ஒரு எண் இருக்கும். பிரேக் இல்லையென்றால் பெரும்பாலும் 750 கிலோதான். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏறுவதை என்ஜின் பார்த்துக்கொள்ளும். எனக்குக் கவலை றம்பொடை வழியாக இறங்கும்போதுதான்: ஒன்றரைத் தொன் பின்னாலிருந்து தள்ளும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், எந்த அளவானாலும் வாங்க வேண்டாம்.

அடுத்தது நீளம். மடித்த நீளம் வேறு, விரித்த நீளம் வேறு. அமெரிக்காவின் டிரெயில்மேனர் 2720 விரித்தால் ஏறத்தாழ 27 அடி, மடித்தால் 20 அடி. பெயரிலேயே இரண்டும் இருக்கிறது. நீங்கள் பார்த்தவற்றில் 12, 16 என்பது எந்த நீளம், இழுவைச் சட்டம் (முன்னால் கொக்கிவரை நீளும் இரும்பு) சேர்ந்ததா என்று கேளுங்கள். மடித்த உடலே 16 அடி என்றால், அது 4.9 மீற்றர், சட்டம் 1.2, கெப் 5.3, மொத்தம் 11.4 மீற்றர். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் இது சின்ன விஷயமில்லை. வாங்குமுன் அளவு நாடாவோடு வாசலில் நின்று பாருங்கள். இடமில்லையென்றால் 12 அடியை எடுத்து, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கூடாரம் அடியுங்கள். யாழ்ப்பாணத்தில் உறவினர் வளவில் பெரியதை விரிக்கப் பிரச்சினை இராது. நுவரெலியாவில் அவ்வளவு நீளத்துக்குச் சமதரை தேட வேண்டிவரும்.

மாமிக்காகவும் பெரியதையே சொல்கிறேன். சின்னதில் உள்பக்கம் படுத்தவர் நடுச்சாமத்தில் எழும்பினால் மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும். படியின் உயரத்தையும் அவரையே ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள்.

துணிச் சுவர் மலிவு, எடையும் குறைவு. ஆனால் மழையில் நனைந்ததை மடித்துக் கொழும்புக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். கெட்டிச் சுவர் எடுங்கள். மரைன் டிரைவ் உப்புக் காற்றுக்கு, நாகம் (சிங்க்) பூசிய இரும்புச் சட்டம் வேண்டும். கீல்களைக் கழுவி எண்ணெய் போட்டு வையுங்கள். பதிவு பற்றி முற்பணம் கொடுக்குமுன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

முதல் பயணத்துக்கு எல்லாவற்றையும் ஏற்றியபின், லொறிகளை நிறுக்கும் தராசில் டிரெய்லரைத் தனியாக ஒருமுறை, கெப்போடு சேர்த்து ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். வரம்பைத் தாண்டினால் முதலில் இறக்க வேண்டியது வெளிக் கூடாரமும் கதிரைகளும்.