திரை வேண்டாம், வரி எண் போதும்
(கணினி கேள்வி பதில்)

(கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

ஒரு வாசகர், நீடாமங்கலம்: ஐயா, எங்கள் நெல் மண்டியின் விலைப் பட்டியல் ஒரு லினக்ஸ் கணினியில் சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கிறது. வெளியூர் போனால் கைபேசியிலிருந்து அதற்குள் நுழைகிறேன். எடிட்டரைத் திறந்தால் தமிழ் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. கர்சர் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. ஒரே ஒரு விலையை மாற்ற இவ்வளவு பாடா?

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. கட்டளை தட்டும் டெர்மினல் திரை என்பது கட்டம் போட்ட தாள். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று ஆங்கிலத்துக்காக அளந்து வைத்தது. நம் கொம்பும் காலும் புள்ளியும் அதில் அடங்காமல் முரண்டு பிடிக்கும். கர்சரை நகர்த்தித் திருத்தும் எடிட்டர் எதுவானாலும் இந்தத் தொல்லை வரலாம். ஆகவே கர்சரே இல்லாத எடிட்டருக்குப் போய்விடுங்கள். பெயர் 'எட்'. ஈ, டி என்று இரண்டே எழுத்து.

எட் என்று தட்டி, இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுங்கள். ஓர் எண் மட்டும் வரும். அது கோப்பின் அளவு, பைட் கணக்கில். யூனிகோடு தமிழில் 'நெல்' என்பதே 12 பைட்: ந, கொம்பு, ல, புள்ளி, தலைக்கு மூன்று. எண்ணுக்குப் பிறகு எட் வாயே திறக்காது. செத்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், உங்கள் கட்டளைக்காகக் காத்திருக்கிறது.

காற்புள்ளி வைத்து 'என்' தட்டினால் எல்லா வரிகளும் எண்ணோடு வரும். ஏழாவது வரியில் 'வெள்ளைப் பொன்னி 1400' என்று இருக்கிறதா? 7 என்று தட்டுங்கள், அந்த வரி வந்து நிற்கும். அடுத்து எஸ்/1400/1450/ என்று கொடுங்கள். 'பி' தட்டினால் திருத்திய வரியைக் காட்டும். சரியென்றால் 'டபிள்யூ', சேமித்தாயிற்று. 'க்யூ', வெளியே வந்தாயிற்று. சேமிக்கும்போது மறுபடி அந்த பைட் எண் வரும். நாலு இலக்கத்துக்கு நாலு இலக்கம் மாற்றியதால் முன்பு பார்த்த எண்ணேதான் வர வேண்டும். வேறு எண் வந்தால் கை எங்கோ பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

தப்பாகத் தட்டினால் ஒரு கேள்விக்குறியை மட்டும் வீசும். இதைவிடக் கடுகடுப்பான மென்பொருளை நான் பார்த்ததில்லை. பெரிய எழுத்தில் 'எச்' தட்டிவிட்டால் அதன் பிறகு காரணத்தையும் சொல்லும். 'யு' தட்டினால் கடைசித் திருத்தம் ரத்து.

கைபேசியில் ஓர் ஆபத்து உண்டு. சில விசைப்பலகைகள் முதல் எழுத்தைத் தாமாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். பெரிய 'டபிள்யூ' கோப்பை மாற்றி எழுதாது, பழையதன் வாலில் மொத்தத்தையும் இன்னொரு முறை ஒட்டிவிடும். அடுத்த முறை திறக்கும்போது பட்டியல் இரண்டாக நிற்கும். பெரிய 'க்யூ' இன்னும் மோசம், சேமிக்கவில்லையே என்று ஒரு வார்த்தை கேட்காமல் வெளியேறிவிடும். முதலில் விசைப்பலகை அமைப்பில் அந்த வசதியை நிறுத்துங்கள்.

ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி: 'செட்' (எஸ், ஈ, டி) கட்டளையால் உறுப்பினர் பட்டியலில் ஓர் ஊர்ப் பெயரை மாற்றி, முடிவை அதே கோப்புக்குத் திருப்பிவிட்டேன். கோப்பு காலியாகிவிட்டது. செட்டில் பிழையா?

செட் பாவம். முடிவைக் கோப்புக்குத் திருப்பும் ஒற்றை 'விட பெரிது' குறியைக் கண்டதும், கட்டளை ஓடத் தொடங்குவதற்கு முன்பே, ஷெல் (நீங்கள் தட்டுவதை வாங்கி ஓட்டும் நிரல்) அந்தக் கோப்பைத் துடைத்துவிடுகிறது. பிறகுதான் செட் படிக்க வருகிறது. நெற்குதிரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு விதைநெல் தேடிய கதை. இனிமேல் முடிவைத் திருப்பிவிடாமல், செட்டுக்குப் பின் கழித்தல் குறி, 'ஐ', அதோடு ஒட்டி புள்ளி, 'பழைய' என்று கொடுங்கள். செட் வேறொரு கோப்பில் எழுதி, முடித்த பிறகே பெயரை மாற்றும். பழைய பிரதியும் அந்த வால் பெயரோடு பத்திரமாக இருக்கும்.

இன்னொன்று. 'திருவாரூர்' என்று தேடினால் 'திருவாரூரில்' சிக்காது. வேற்றுமை உருபு சேரும்போது கடைசிப் புள்ளி போய்விடுகிறதே. புள்ளியை விட்டுவிட்டு ர வரைக்கும் கொடுத்தால் இரண்டும் சிக்கும். 'பொன்னி'யை மாற்றக் கிளம்பினால் 'வெள்ளைப் பொன்னி'யும் கூடவே மாறும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றும் முன் வரிகளைத் தேடித் தரும் 'கிரெப்' கட்டளையைக் கொண்டு எந்தெந்த வரி சிக்குகிறது என்று கண்ணால் பாருங்கள்.

ஒரு மாணவர், தஞ்சாவூர்: எங்கள் ஆசிரியர் இன்னும் எட் கற்பிக்கிறார். இந்தக் காலத்தில் இது வீண் வேலைதானே?

தம்பி, கிரெப் வீணா? எட் எடிட்டரில் ஒரு சொல் வரும் வரிகளையெல்லாம் அச்சிட ஜி, சாய்கோடு, தேடும் வடிவம், சாய்கோடு, பி என்று கொடுப்பார்கள். கிரெப் அதிலிருந்து கிளைத்ததுதான். செட்டும் எட்டின் வாரிசு. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எட் எழுதியபோது எதிரே இருந்தது திரை அல்ல, காகிதத்தில் அடிக்கும் டெலிடைப். அந்த வகை இயந்திரங்களில் டெலிடைப் 33 விநாடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். கும்பகோணத்தில் தந்தி வேலை பார்த்தபோது டெலிபிரிண்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அந்தச் சத்தத்தில் யாருக்கும் வளவளவென்று பேசத் தோன்றாது. எட்டின் சிக்கனம் அங்கிருந்து வந்தது. தேர்வுக்காகவாவது படித்துவிடுங்கள்.

ஒரு வாசகர், சீர்காழி: நிர்வாகி உரிமை தரும் 'சுடோ' போட்டு, தந்த எழுத்தைத் திருப்பிச் சொல்லும் 'எக்கோ' கொடுத்து, முடிவை அமைப்புக் கோப்புக்குத் திருப்பியும், அதில் ஒரு வரி சேர்க்க விடாமல் அனுமதி இல்லை என்கிறதே?

எக்கோவுக்குத்தான் அனுமதி கிடைத்தது. கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல், அதற்குக் கிடைக்கவில்லை. எக்கோவை முன்னால் வைத்து, குழாய்க்குறி போட்டு, அதன் பின் சுடோ, குழாயில் வருவதைக் கோப்பில் எழுதும் 'டீ' (டி, ஈ, ஈ), கழித்தல் குறி, 'ஏ', கோப்பின் பெயர் என்று கொடுங்கள். அந்த 'ஏ'வை விட்டுவிட்டால் பழைய வரிகள் எல்லாம் அழிந்து உங்கள் ஒரு வரி மட்டும் மிஞ்சும்.