மங்கோலியரிடம் குவாரசம் ஏன் இவ்வளவு சீக்கிரம் வீழ்ந்தது?

கேள்வி 1219 படையெடுப்பைப் பற்றியது என்றாலும், முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரல் கடலுக்குத் தெற்கே, அமு தரியா ஆறு பாயும் செழிப்பான பகுதிதான் குவாரசம். இன்று உஸ்பெகிஸ்தானிலும் துருக்மெனிஸ்தானிலும் இருக்கிறது. சுற்றிலும் பாலைவனம், நடுவே வாய்க்கால் பாசனம். அறிஞர் அல்பிரூனி 973-இல் பிறந்தது இங்கேதான். நாம் தினமும் சொல்லும் 'அல்காரிதம்' என்ற சொல்லும் ஒரு கணித அறிஞரின் அல் குவாரிஸ்மி, அதாவது 'குவாரசத்துக்காரர்', என்ற பெயரிலிருந்து வந்ததுதான். எனக்கு இந்த மண்மீது பிரியம் வரக் காரணமே இவர்கள்தான்.

செல்ஜுக்குகள் என்ற துருக்கிய அரசர்களுக்குக் கீழே ஆளுநர்களாக இருந்த ஒரு வம்சம் மெல்லத் தனித்து வளர்ந்தது. 1194-இல் அந்த வம்சத்தின் தெகிஷ், ஈரானின் கடைசி செல்ஜுக் சுல்தானைத் தோற்கடித்தார். அவர் மகன் முகம்மது காலத்தில் பேரரசு ஈரான்வரை பரந்தது. ஆனால் அவசரமாகச் சேர்த்த நிலம் அது. சமர்கந்து போன்ற ஊர்கள் மனதளவில் ஒட்டவே இல்லை. முகம்மதின் தாய் தெர்கன் காத்தூனின் உறவினர்களான கிப்சாக் என்ற புல்வெளித் துருக்கிய இனத்தார் படையில் தனிச் செல்வாக்கோடு இருந்தார்கள்.

1218-இல் குவாரசப் பேரரசின் எல்லை நகரான ஒத்ராரின் ஆளுநர், செங்கிஸ்கான் அனுப்பிய வணிகர் கூட்டத்தை ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்றார். நியாயம் கேட்டு வந்த தூதரையும் முகம்மது கொல்லச் செய்தார். அப்புறம் வந்த போரில் திறந்த வெளியில் மோதாமல், படையைக் கோட்டை கோட்டையாகப் பிரித்து வைத்தார். என் பார்வையில், தன் தளபதிகளையே அவர் நம்பவில்லை என்பதுதான் இதற்குக் காரணம். மங்கோலியர் ஒவ்வொரு நகரமாக விழுங்கினார்கள். 1220-இல் முகம்மது காஸ்பியன் கடல் தீவொன்றில் இறந்தார். மறு ஆண்டு தலைநகர் குர்கஞ்சும் வீழ்ந்தது.